தண்ணி கேட்டின் கைப்பிடி

அந்தத் திமிங்கிலத்தை என் அம்மா கொல்லவில்லை. துரை அவர்களே, அதைச் சாகவிட்டவர் நீங்கள். சாகவிட்டுப் பழியைத் தூக்கிப் புல்லுக்கு மருந்தடிக்கிற பெண்களின் தலையில் போட்டீர்கள். இத்தனை வருடமாக அது அங்கேயே கிடக்கிறது.

வாசிக்கிறவர்களுக்கு முதலில் அந்த மூச்சின் நாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை எனக்கு முதலில் வந்து சேர்ந்தது அதுதான். எங்கள் பக்கத்துக் கடல் வற்றும்போது சேறு எப்போதும் நாறும், அழுகிய முட்டையும் உப்பும் கலந்த நாற்றம், அதற்கு எங்கள் மூக்கு பழகியிருந்தது. அன்று அதற்கு மேலே இன்னொன்று வந்தது, சூடாக, மூடிவைத்த பழைய மீன் குழம்பைத் திறந்ததுபோல. ஒரு பெரிய லோரியின் பிரேக்கில் காற்று விடுகிறது போல ஒரு சத்தம் கேட்கும், பிறகு அந்த நாற்றம் வீட்டுக்குள் நுழையும், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு மறுபடியும் சத்தம். அப்பா வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். அவர் குரலே சரியில்லை.

எங்கள் தோட்டம் மலேசியாவில், சுங்கை புரோங் வயல்கள் முடிந்து பாகான் நக்கோடா ஓமார் போகிற வழியில், கடலை ஒட்டி இருந்தது. கடல் ஏறும்போது எங்கள் செம்பனை மரங்களின் தூர் கடலைவிடத் தாழ்வாக இருக்கும். அதனால் கரை நெடுக மண்ணைக் கொட்டி அணை போட்டிருந்தார்கள், அதை நாங்கள் 'பண்டு' என்போம். தோட்டத்துத் தண்ணீர் எல்லாம் 'பெரிய கான்' என்று சொல்லும் அகலமான வாய்க்காலில் வந்து சேரும், அந்த வாய்க்கால் பண்டைத் துளைத்துக் கடலுக்குப் போகிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு, அதுதான் 'தண்ணி கேட்டு'. கடல் ஏறும்போது கதவை இறக்க வேண்டும், வற்றும்போது தூக்க வேண்டும். என் அப்பா அந்தக் கேட்டுக்காரர். கதவைத் தூக்க முழங்கை போல வளைந்த ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு, அதைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்ற வேண்டும். கைப்பிடி இல்லாவிட்டால் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினாலும் அந்தக் கதவு அசையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் எல்லாம் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார்கள், நாங்கள் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். வேலை போனால் வீடும் போகும். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திமிங்கிலம் எங்களுக்குப் புதிதல்ல. ஆழம் குறைந்த கலங்கல் கடல் என்பதால் அவை கரைக்கு வராது. ஆனால் நெத்திலிக் கூட்டம் வருகிற மாதங்களில், கடல் தட்டையாகக் கிடக்கிற காலை வேளைகளில், கேட்டின் மேடையில் ஏறி நின்றால் வெகுதூரத்தில் வெள்ளையாக ஒன்று எழும்பிக் கலையும். அதை நாங்கள் 'ஊத்து' என்போம். அந்த வருடத்து முதல் ஊத்தை யார் பார்க்கிறாரோ அவர் ஓடிவந்து மேடையில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்க வேண்டும். அது கேட்டு திறக்கும்போது படகுக்காரர்களை எச்சரிப்பதற்காகத் தொங்கியது, வேறு எதற்கும் தொட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும், ஊத்துக்கு மட்டும் வராது. சத்தம் கேட்டு லயத்திலிருந்து ஜனங்கள் பண்டுக்கு வருவார்கள், அப்பா ஒரு குண்டான் கோப்பி ஓ, பாலில்லாத காப்பி, போட்டு வைப்பார், பாக்காவ் என்கிற அலையாத்திக் காட்டுப் பக்கம் வலை போடுகிற மலாய்க்காரர் பாக் சாலேயும் படகைக் கட்டிவிட்டு வந்து குந்துவார். அவை வடக்கே ஆழ்கடலிலிருந்து நெத்திலியைத் தின்றுகொண்டே தெற்கே போகின்றன, பிறகு திரும்பிப் போகும் என்று அவர் சொல்வார். எங்கே போகும் என்று கேட்டால் தெரியாது என்பார். அம்மாவோடு மருந்தடிக்கிற ருக்கு அத்தை அதற்குப் பதில் வைத்திருந்தாள்.

"எங்க போவும்? நம்மாளுங்க மாதிரிதான். சோறு இருக்கிற பக்கம் போவும், துரத்துனா திரும்பும்."

அம்மா கடலையே பார்த்துக்கொண்டு சிரிப்பாள். அவள் பெயர் அஞ்சலை. அவளுக்கு அந்த ஊத்து என்றால் உயிர். முதுகில் பம்பைச் சுமந்து காலை முழுக்க மரத்தடிப் புல்லுக்கு விஷம் அடித்துவிட்டு வந்தாலும், துணியைக்கூட மாற்றாமல் மேடையில் ஏறிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். அந்த விஷத்தை நாங்கள் 'மருந்து' என்றுதான் சொல்வோம். கையுறை கொடுத்ததில்லை. அவள் நகங்கள் மஞ்சளாகி வெடித்திருந்தன, பாதி நாள் மூக்கில் இரத்தம் வரும். அந்த மருந்து என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். நடு ஆண்டு விடுமுறை. அந்த வருடம் மழையே இல்லை. மரம் காய்கிறது, கானில் இருக்கிற தண்ணீரைத் தேக்கி வை, நான் சொல்லாமல் கேட்டைத் தூக்காதே என்று தோட்ட நிர்வாகியான துரை அப்பாவிடம் சொல்லியிருந்தார். அதனால் பண்டுக்கு உள்ளே பெரிய கான் கரை தளும்ப நிறைந்து கிடந்தது. பண்டுக்கு வெளியே, கேட்டுக்கு முன்னால் இருந்த பள்ளம் கடல் வற்றினால் வெறும் சேறு.

அந்தப் பள்ளத்தில்தான் அது கிடந்தது. விடியற்காலைக் கடலேற்றத்தில் நெத்திலியைத் துரத்திக்கொண்டு உள்ளே வந்திருக்கும், தண்ணீர் இறங்கியதும் திரும்ப வழியில்லை. பெரியதும் இல்லை, அந்த இனத்தில் குட்டி என்றார் பாக் சாலே, எங்களுக்கு அது ஒரு லோரி நீளம். கறுப்பும் சாம்பலும் கலந்த முதுகு, நனைந்த ரப்பர் ஷீட்டு போலப் பளபளப்பு, தாடைக்குக் கீழே வரிவரியாக வெளிர் நிறம். கண் ஒன்று எங்கள் பக்கம் இருந்தது. மாட்டுக் கண்ணைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அது எங்களைப் பார்த்தது, எங்களில் யார் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் திரும்பியது.

வெயில் ஏற ஏற முதுகின் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தது. லயத்திலிருந்து வாளியோடு வந்தார்கள். பண்டைத் தாண்டிக் கானில் மொண்டு, சறுக்கிக்கொண்டு இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று ஊற்ற வேண்டும், பாதித் தண்ணீர் வழியிலேயே போய்விடும். அம்மாவின் கைலிகளை எல்லாம் நனைத்து முதுகில் போர்த்தினோம். உரச்சாக்கு கொண்டுவந்தவர்களை அப்பா திருப்பி அனுப்பினார், உரம் பட்டால் தோல் எரியும் என்று.

பாக் சாலேதான் கேட்டைக் காட்டிச் சொன்னார். சாயங்காலம் பெரிய ஏற்றம் இருக்கிறது, அதுவரை இது தண்ணீரில் கிடந்தால் போதும், தானாகவே மிதந்து போய்விடும், கேட்டைப் பாதி தூக்கிக் கான் தண்ணீரை இந்தப் பள்ளத்தில் விடு என்றார். வெளியே சேற்றுத் திட்டு இருந்ததால் விடுகிற தண்ணீர் கொஞ்ச நேரமாவது பள்ளத்தில் தேங்கி நிற்கும். "பூகா லா பிந்து, பூகா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், கதவைத் திற, திற என்று. அப்பா கங்காணியான மண்டோரைத் துரை பங்களாவுக்கு அனுப்பி உத்தரவு கேட்டார். மண்டோர் போனவர் போனவர்தான். அப்பா கைப்பிடியைச் சக்கரத்தில் மாட்டிவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, தோட்டத்துச் சாலையையே பார்த்தபடி நின்றார்.

மதியத்துக்கு முன்னால் மருந்தடிக்கிற பெண்கள் வேலை முடிந்து வந்தார்கள். பண்டில் ஏறி அதைப் பார்த்தார்கள். பிறகு அம்மா தன் முதுகிலிருந்த பம்பை இறக்கினாள். வாளியைவிட இதில் சுலபம், கரையிலிருந்தே அடிக்கலாம், தண்ணீர் வீணாகாது என்றாள். கழுவாமல் அந்தப் பம்பை ஒரு கோழிமேல்கூட யாரும் திருப்பமாட்டார்கள், அது எங்களுக்கும் தெரியும் அவர்களுக்கும் தெரியும். எல்லாரும் கான் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பம்பின் வயிற்றைத் திறந்து சவுக்காரத் தூள் போட்டுத் தேய்த்தார்கள், கவிழ்த்தார்கள், மறுபடி மொண்டு குழாய் வழியாக அடித்துத் தள்ளினார்கள், மறுபடி கழுவினார்கள், கடைசியில் மோந்து பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, அது மூச்சு விடுகிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சீக்கிரம் வாம்மா என்று கத்தினேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, வாசம் போகட்டும் என்றாள்.

பிறகு வரிசையாகப் பண்டில் நின்று அடித்தார்கள். ஒருத்தி தெரியாமல் அதன் மூச்சுத் துளையில் அடித்துவிட்டாள், அது சீறியதில் எங்கள் எல்லார்மேலும் சளி தெறித்தது. அதன்பிறகு அம்மா பள்ளத்தில் இறங்கி, துளைக்கு மேலே கையை விரித்து மறைத்துக்கொண்டாள். ருக்கு அத்தை வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "என் வீட்டுக்காரனைக்கூட நான் இப்படிக் குளிப்பாட்டுனதில்ல. எழுந்து போய்யா மாப்பிள, பொண்ணு வீட்டுல தேடுவாங்க." நாங்கள் சிரித்தோம். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

அப்போதுதான் துரையின் ஜீப் வந்தது.

அவர் இறங்கிப் பண்டில் ஏறி, சேற்றில் கிடந்ததைப் பார்த்தார், பெண்களின் முதுகைப் பார்த்தார். முதல் கேள்வியே பம்பைப் பற்றித்தான். அதில் என்ன இருக்கிறது, மருந்தா என்று கேட்டார். அம்மா துளையை மறைத்திருந்த கையை எடுக்காமல் வெறும் தண்ணீர் என்றாள். அவர் நம்பாத மாதிரி நின்றார். அம்மா என்னைக் கூப்பிட்டு, என் கையை அந்த மூச்சுத் துளைக்கு மேலே வைத்தாள். சூடான காற்று என் உள்ளங்கையில் மோதியது. அவள் பண்டுக்கு ஏறி வந்து, துரைக்கு எதிரே நின்று, பம்பின் குழலைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, கண்ணைத் திறந்துகொண்டே அடித்தாள். பிறகு வாயைத் திறந்து வாய்க்குள் அடித்து, கொப்பளித்துத் துப்பினாள். அவளுக்குப் பின்னால் ருக்கு அத்தை அடித்துக்கொண்டாள். பிறகு மற்றவர்களும்.

"தண்ணிதாங்க தொர," என்றாள் அம்மா. முகத்திலிருந்து சொட்டியது. "பாத்துட்டீங்கல்ல. கேட்ட தூக்கச் சொல்லுங்க."

துரை பார்த்தார். ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு அப்பாவிடம் போனார்.

"ஒரு மீனுக்காக என் மரத்தக் காயப் போடச் சொல்றியா?"

அப்பா, பாதி தூக்கினால் போதும் என்றார், சாயங்காலம் இறக்கிவிடுவேன் என்றார், துரை காலில் விழுகிறேன் என்றார். பாக் சாலேயும் மேடைக்கு ஏறி வந்து மலாயில் ஏதோ சொன்னார், துரை அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் போனதும் நீ தூக்கிவிடுவாய், உன்னைத் தெரியும் என்றார் அப்பாவிடம். சக்கரத்திலிருந்து கைப்பிடியைக் கழற்றினார். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து, ஜீப்பின் பின்பக்கத் தட்டில் போட்டார். இரும்பு தகரத்தில் விழுந்த சத்தம் எனக்குப் பள்ளத்தில் நின்றபோதே கேட்டது. ஜீப் போய்விட்டது.

அதன்பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மெதுவாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அப்பாவும் பாக் சாலேயும் லயத்து ஆண்களும் கடப்பாரையைக் கதவுக்குக் கீழே கொடுத்து நெம்பினார்கள், கடப்பாரை வளைந்தது. பெண்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள், பம்பு நிரப்ப ஓடிக்கொண்டே இருந்தார்கள். முதுகுத் தோல் தீயில் காட்டிய பலூன் போலச் சுருங்கி உரிந்தது. தண்ணீரில் மிதக்க வேண்டிய உடம்பு சேற்றில் தன் பாரத்தாலேயே நசுங்கிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கையில் மோதிய காற்று நீண்ட இடைவெளி விட்டு வந்தது, பிறகு லேசாக வந்தது, பிறகு நான் கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளே வந்து என் கையை எடுத்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் கடல் ஏறியது. பாக் சாலே சொன்ன பெரிய ஏற்றம். பள்ளம் நிறைந்தது, உடம்பு மெல்ல எழும்பியது, அலை தள்ளத் தள்ள வால் அசைந்தது. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் 'போவுது போவுது' என்று குதித்தார்கள், ஒருவன் ஓடிப்போய்த் தண்டவாளத்தை அடித்தான். அம்மா மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் துரை வெளியூர்ப் பத்திரிகைப் படக்காரர்களோடு வந்தார். உடம்பைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பெண்களையும் வேலைக்கு நடுவில் கூப்பிட்டு, பம்பை இறக்கவிடாமல் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கச் செய்தார். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது, பாராட்டப்போகிறார் என்று ருக்கு அத்தை தலையைக்கூட வாரிக்கொண்டாள். பத்திரிகையில் வந்தது இதுதான்: தோட்டத்துப் பெண்கள் அறியாமையால் விஷப் பம்பினால் தண்ணீர் அடித்ததில் திமிங்கிலம் செத்தது, நிர்வாகி காப்பாற்ற முயன்றும் முடியவில்லை. படத்தில் பம்பு தெரிகிறது. கைப்பிடி தெரியவில்லை.

கைப்பிடியை மண்டோர்தான் கொண்டுவந்து கொடுத்தார், சாக்கில் சுற்றி, யாரும் பார்க்காத நேரமாக. அப்பா வாங்கிச் சக்கரத்தில் மாட்டினார். வாயைத் திறக்கவில்லை, வீடு அவர் கண்முன் நின்றது. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன், அம்மாவும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா அந்த மேடையில் ஏறவே இல்லை. நெத்திலி மாதம் வந்தது, ஊத்து தெரிந்தது, யாரோ இரும்பை அடித்தார்கள். அவள் அடுப்படியிலேயே இருந்தாள். அடுத்த வருடம் யாரும் அடிக்கவில்லை.

தோட்டத்தில் வேறு பேச்சு கிளம்பியது. கடையில், கோயிலில், கல்யாண வீட்டில் 'மீனைக் கொன்ன அஞ்சலை' என்றார்கள். முதலில் கிண்டல், பிறகு பெயர். தோட்டத்தை விட்டு ராசா என்ற ஊருக்கு வந்து, நான் ரவாங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபிறகும், அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அம்மாவை அறிமுகம் செய்யும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மாவும் சிரித்துவைத்தாள்.

சிலர் கேட்பார்கள், கான் தண்ணீரிலேயே மருந்து கலந்திருக்குமே என்று. கலந்திருக்கும். அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் குளித்தோம், துணி துவைத்தோம். அதில் மருந்து இருந்தால், அதை அடிக்கச் சொன்னது யார் என்று முதலில் கேளுங்கள். எங்கள் உடம்புக்கு ஒருவரும் பலகை எழுதி வைக்கவில்லை.

பலகை என்றேனே, அதற்கு வருகிறேன். இப்போது அங்கே தோட்டம் இல்லை. லயத்தை இடித்துவிட்டார்கள், பலகை வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள், பண்டின்மேல் தார் ரோடு, அந்தி பார்க்க வருகிறவர்களுக்குக் கடல் உணவுக் கடைகள். கேட்டுக்கு மோட்டார் வைத்துவிட்டார்கள், தண்டவாளத் துண்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. கடலைப் பார்க்க உயரமாக ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள், அதன் கீழே ஒரு சின்னக் காட்சிக்கூடம், அதற்குள் அந்தக் குட்டியின் எலும்பு. அந்தக் கூடத்துக்கு ஆலோசகர் நம் துரை. ஓய்வு பெற்றபின் கடல் உயிர்களைக் காப்பது பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேசுகிறாராம்.

எலும்பைப் பார்க்க வேண்டும் என்று அம்மாதான் ஆசைப்பட்டாள். போன மாதம் அழைத்துப்போனேன். எலும்புக்குக் கீழே நின்று அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். சுவரில் அதே படம், பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். அதில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்து, ருக்கு அத்தையைக் கண்டுபிடித்து, "பாரு, தல சீவிக்கிட்டு நிக்கிறா" என்று சந்தோஷப்பட்டாள். பிறகு படத்துக்குக் கீழே இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினாள். மலாயும் ஆங்கிலமும், அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னா போட்டிருக்கு?"

மறைத்திருக்கலாம். பாராட்டி எழுதியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பாள். எனக்கு அப்படிப் பொய் சொல்ல வரவில்லை, இதில் ஏற்கனவே போதுமான பொய் இருக்கிறது. பத்திரிகையில் வந்த அதே கதைதான், படித்துச் சொன்னேன். அறியாமை என்ற வார்த்தையையும் சேர்த்துத்தான். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கடைசியில் தன் மஞ்சள் நகத்தால் படத்தில் துரையின் முகத்தைத் தொட்டாள்.

"இவரு பாத்தாரு. நான் மூஞ்சில அடிச்சுக்கிட்டத இவரு கண்ணால பாத்தாரு. அவரு வாயால சொல்லட்டும், அது போதும் எனக்கு."

கூடத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் பாவம், புதிதாக வந்தவள், ஆலோசகரிடம்தான் கேட்க வேண்டும் என்றாள். ஆளனுப்பிக் கேட்டேன். பழைய கதை, யாருக்கும் இப்போது நினைவில்லை என்று பதில் வந்தது.

எனக்கு நினைவிருக்கிறது. என் உள்ளங்கைக்கு நினைவிருக்கிறது. அன்று முகத்தில் அடித்துக்கொண்ட பெண்களில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கும் நினைவிருக்கிறது. பாக் சாலேயும் இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.

துரை அவர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் அந்த எலும்புக்குக் கீழே நின்று மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளுக்குப் பேசப்போகிறீர்கள் என்று விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் வருகிறோம். என் அம்மா முன் வரிசையில் உட்காருவாள். நீங்கள் பேச ஆரம்பிக்கும் முன்னால், அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி, மைக்கில், இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அஞ்சலை தன் முகத்தில் அடித்துக்கொண்டபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்? அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அந்த மதியம் முழுவதும் தண்ணி கேட்டின் கைப்பிடி யாருடைய ஜீப்பில் இருந்தது?